அயலும் சங்கமும்: பினாங்குத் தெரு ஒன்றின் வரலாறு

தமிழில் ‘அயல்’ என்னும் சொல்லுக்கு அண்மை என்றும் பொருள் உண்டு. வேறு என்றும் பொருள் உண்டு. அடுத்த வீட்டில் வாழ்பவரும் அயலார். முன்பின் அறியாத வேற்றாரும் அயலார். பொருள் மயக்கத்திற்கு எடுத்துக்காட்டாக வகுப்பறையில் இச்சொல்லைக் காட்டுவதுண்டு. ஆனால் துறைமுக நகரமொன்றின் தெருவில் நின்று பார்ப்பவருக்கு இதில் மயக்கம் ஏதும் தோன்றாது. அங்கே அடுத்த வீட்டாரே வேற்று மொழியினர், வேற்றுச் சமயத்தினர். சுவர் ஒன்றுதான் இருவருக்கும் பொது. உறவினரே சூழ்ந்து வாழும் சிற்றூரில் அயலாரோடு கூடி வாழச் சங்கம் வேண்டுவதில்லை. திருமணமும் இழவும் ஊரைத் தாமே கூட்டிவிடும். உறவில்லாதவர் அடுத்தடுத்து வாழும் இடத்திலேதான் கூடுவதற்கு ஒரு கருவி வேண்டியிருக்கிறது. அக்கருவியை மக்கள் எவ்வெவ்வாறு அமைத்துக்கொண்டனர் என்பதைக் காணப் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையினும் ஏற்ற இடம் கிடைப்பது அரிது.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கும்பினியின் சார்பில் இத்தீவில் இறங்கி நகரை வகுத்தபொழுது, இத்தெருவுக்கு அக்காலத்து இங்கிலாந்தின் தலைமை அமைச்சர் வில்லியம் பிட்டின் பெயர் இடப்பட்டது. நெடுங்காலம் அது பிட் தெரு எனவே வழங்கியது. இன்றைய பெயரில் உள்ள ‘கப்பித்தான்’, ஒவ்வோர் இனத்தாருக்கும் அவர்களுள் ஒருவரையே தலைவராக்கும் பழைய குடியேற்ற முறையைக் குறிக்கும். ‘கெலிங்’ என்பது கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் வழி வந்தது. ஒரு காலத்தில் தென்னிந்தியர் அனைவரையும் மலாய் மக்கள் இச்சொல்லால் குறித்தனர். பிற்காலத்தில் அச்சொல்லில் இழிவுப் பொருள் ஏறிவிட்டமையால் பேச்சில் அதனை இன்று பலரும் விலக்குகின்றனர். ஆயினும் தெருப்பெயரிலும் பள்ளிவாசலின் பெயரிலும் அது பழம்பொருளோடு நிலைத்து நிற்கிறது. அந்தக் கப்பித்தான் காதர் மொகிதீன் என்னும் தமிழ் முஸ்லிம் வணிகர். 1801ஆம் ஆண்டில் கும்பினி அளித்த நிலத்தில் பள்ளிவாசல் எழுந்தது. இன்று காணும் குவிமாடங்களும் உயர்ந்த மினாரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைபெற்ற புதுப்பிப்பின் விளைவு.

தெருவின் வடமுனையருகே 1818இல் கட்டி முடிந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் நிற்கிறது. தென்கிழக்காசியாவிலுள்ள ஆங்கிலிக்கன் கோயில்களுள் இதுவே மிகப் பழையது. அதன் தெற்கே, 1800ஆம் ஆண்டளவில் எழுந்த குவான் யின் கோயில். அடுத்துச் சீனர் நகர மன்றம். சற்றுத் தள்ளிக் குயின் தெருவை நோக்கிய மகாமாரியம்மன் கோயில், தன் பின்வாயிலை இத்தெருவிலே திறந்து வைத்திருக்கிறது. அக்கோயில் 1833இல் எழுந்தது. பிறகு பள்ளிவாசல். ஆர்மீனியன் தெரு மூலையில் யாப் குலத்தார் கோயில். விரைந்து நடப்பவர் கால் மணி நேரத்தில் இவற்றையெல்லாம் கடந்துவிடலாம். இதனால்தான் அண்மைக் காலத்தில் இதனை ‘நல்லிணக்கத் தெரு’ என்று அழைக்கின்றனர். சுற்றுலாக் கையேடுகளுக்கு இப்பெயர் மிகவும் உவப்பானது. ஆனால் கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதனாலேயே மக்களும் கூடிவிட்டனர் என்று கொள்வதற்கில்லை.

மக்களைக் கூட்டியவை சங்கங்களே. அவற்றுள் பழமையான ஒன்று குவான் யின் கோயிலின் பெயரிலேயே ஒளிந்துள்ளது. அதன் சீனப் பெயர் கோங் ஹோக் கியோங். ‘கோங்’ என்பது குவாங்துங் மாநிலத்தையும், ‘ஹோக்’ என்பது புக்கியன் மாநிலத்தையும் சுட்டும். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத இரு திறத்தார் ஒரே கோயிலைக் கூட்டாக அமைத்தனர் என்பதே அப்பெயரின் பொருள். அங்கே வழிபாடு மட்டும் நடக்கவில்லை. கடன் வழக்கும் பங்காளி வழக்கும் அக்கோயிலின் பெரியோர் முன்னிலையில் தீர்க்கப்பட்டன. 1881இல் சீனர் நகர மன்றம் தோன்றியபின் அப்பொறுப்பு மன்றத்திற்குச் சென்றது. நம் ஊர்களில் மன்றமும் அம்பலமும் ஆற்றிய பணியே இது.

தமிழர் பக்கம் திரும்பினால், மாரியம்மன் கோயிலைச் சுற்றி வாழ்ந்த துறைமுகத் தொழிலாளரின் கூட்டங்களைக் காண்கிறோம். கப்பல்கள் கரைக்கு வர இயலாது கடலில் நங்கூரமிட்டு நின்ற காலம் அது. சரக்கைத் தோணிகளில் ஏற்றிக் கரை சேர்க்கப் பெருந்தொகையான ஆட்கள் வேண்டியிருந்தனர். ஒரே ஊரிலிருந்தோ வட்டாரத்திலிருந்தோ வந்தவர்கள் ஒரு கூட்டமாகி, ஒரே வீட்டில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்து உண்டனர். கூட்டத்தின் தலைவன் தண்டல். இச்சொல் மலாய் மொழிக்கும் சென்று ‘தண்டில்’ ஆயிற்று. வேலைக்கு ஆள் பிரிப்பதும், நோயுற்றவனைப் பார்ப்பதும், இறந்தவனை அடக்கம் செய்து ஊருக்குச் செய்தி அனுப்புவதும் கூட்டத்தின் கடமைகளாக இருந்தன. இன்று ‘சமூகநல அமைப்பு’ என்று பெயரிட்டு அழைப்பதையெல்லாம் அன்று பெயரில்லாமலே செய்தனர்.

இத்தகைய கூட்டங்கள் இரண்டு தூண்களின்மேல் நின்றன எனலாம். ஒன்று வரி, மற்றொன்று முறை. ஒவ்வொருவரும் சிறுதொகை கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பொறுப்பேற்கும் நாள் ஒன்று வர வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்த் திருவிழாக்களில் தலைக்கட்டு வரியும் மண்டகப்படி முறையும் உள்ளவாறே, பினாங்கிலும் நவராத்திரியின் ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் உபயகாரருக்கு உரியதாகும். விசயதசமியன்று அம்மன் தேரேறி அண்மைத் தெருக்களில் உலா வருவாள். தேர் வரும் தெருவில் வாழ்பவர், சமயம் எதுவாயினும், அன்று தம் வண்டிகளை ஒதுக்கி வழிவிட வேண்டும். நல்லிணக்கம் என்பது பெரும்பாலும் இவ்வளவு எளிய செயல்தான்.

தைப்பூசத்திற்கு முன்னாள் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளித்தேர் நகரத்திலுள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்படுகிறது. 1894ஆம் ஆண்டு முதல் ஓடும் தேர் அது. அதன் வழியெங்கும் தேங்காய்களை மலைபோற் குவித்து உடைப்பவர்களுள் சீனர் பலர். தண்ணீர்ப் பந்தல்களை நடத்துவதும் தெருக்குழுக்களும் தொழிற்குழுக்களுமே. பந்தல் போடுவோர் நாள்கள் பலவற்றுக்கு முன்னரே கூடி, அரிசிக்கும் பாலுக்கும் பணம் திரட்டி, யார் சமைப்பது, யார் பரிமாறுவது, மறுநாள் யார் குப்பையை அள்ளுவது என்று பிரித்துக்கொள்கின்றனர். இவற்றுள் குப்பை அள்ளுவோரின் பட்டியலே ஒரு சங்கத்தின் உண்மையான வலிமையைக் காட்டும்.

பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியும் இவ்வகையைச் சேர்ந்தது. ரமலான் மாதத்துப் பிற்பகலில் பெரிய அண்டாக்களில் அரிசியும் இஞ்சியும் பூண்டும் மசாலாப் பொருள்களும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கும். கஞ்சி நோன்பாளிகளுக்கு மட்டும் உரியதன்று. பாத்திரத்தோடு வந்து நிற்பவர் யாராயினும் பெற்றுச் செல்லலாம். தஞ்சைக் கடற்கரையின் வழக்கம் கடல் கடந்து வந்து நிலைத்த சான்று இது. அக்கரையோடுள்ள உறவுக்கு மற்றொரு சான்று, சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அச்சிறு கட்டடத்திலே, நாகூரில் நிகழ்வது போலவே கந்தூரியின்போது கொடியேற்றம் நிகழும். எழுத்துத் துறையிலும் அவ்வுறவு தொடர்ந்தது. நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் 1880களில் ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழ் இதழைப் பினாங்கிலிருந்துதான் நடத்தினார்.

வரியும் முறையும் மிகத் தெளிவாக அமைந்திருப்பது சீனர்களின் ஏழாம் மாத விழாவில். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், பசித்த ஆவிகள் உலகுக்கு வருகின்றன என்பது நம்பிக்கை. அவற்றுக்குப் படையலிட்டுக் கூத்து நடத்துவது பினாங்கில் கோயிலின் பொறுப்பன்று, தெருவின் பொறுப்பு. ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு சந்தைக்கும் தனிக்குழு உண்டு. குழுவில் சேர்ந்தவர் சந்தா கட்டுகின்றனர். ஆண்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வாக்கினாலன்று. பிறைவடிவான இரண்டு மரத்துண்டுகளைத் தெய்வத்தின்முன் வீசி, ஒன்று மல்லாந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் இசைவு என்று கொள்கின்றனர். யாருக்குத் தொடர்ந்து மிகுதியாக இசைவு கிடைக்கிறதோ அவரே அவ்வாண்டுக்குத் தூபக்கலத் தலைவர். ஆகவே பெரும்பணக்காரரும் தலைவராகலாம். தெருவோரத்தில் கொய்த்தியாவ் வறுப்பவரும் தலைவராகலாம். உத்தரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர்கள் இதனையும் உடன் வைத்து ஒப்பிடலாம். இரண்டிலும் மனிதரின் கைவலிமையைத் தடுக்கத் தற்செயலின் துணை நாடப்படுகிறது.

விழாவின் விருந்தில் ஏலமும் உண்டு. அரிசி, மது, அடுப்புக்கரி முதலியன மங்கலப் பொருளாக ஏலம் விடப்படும். கரிக்குக் ‘கறுப்புப் பொன்’ என்று பெயர். எளிய பொருளுக்குப் பெரும்விலை கேட்பது பொருளின் மதிப்பால் அன்று. குழுவுக்குக் கொடுக்கும் கொடையே ஏலமாக உருமாறி வருகிறது. விழுப்புரம் வட்டாரத்து முருகன் கோயில் ஒன்றில், வேலில் செருகிய எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு எடுப்பவரும் இத்தகையவரே. பல இடங்களில் ஏலத்தொகையை உடனே செலுத்த வேண்டுவதில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்குள் செலுத்தினாற் போதும். நுட்பமான ஏற்பாடு இது. கடன் நிற்கும்வரை உறவும் நிற்கும் அன்றோ? 1970களில் இத்தெருக்குழுக்கள் அனைத்தையும் இணைத்து ஒரு நடுக்குழு அமைந்தது. ஆவிகளுக்கென்று திரண்ட பணத்தில் ஒரு பகுதி சீனப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைக்கும் செல்லத் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளுக்காகக் கோயில்கள் இத்தகைய ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டால் விளையும் பயனைச் சொல்லவும் வேண்டுமோ?

இதுவரை கூறியவை சங்கத்தின் நன்முகம். அதற்கு மற்றொரு முகமும் உண்டு. நல்லிணக்கத்தைப் புகழ்வோர் அதனைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கில் முகரம் பண்டிகை பெருவிழாவாக நடந்தது. இந்தியப் படைவீரர்களின் வழியாக அது வந்தது என்பர். ஒவ்வொரு கம்பத்து இளைஞரும் தனித்தனிக் குழுவாகிப் பாடியும் வேடமிட்டும் ஊர்வலம் சென்றனர். அக்குழுக்கள் இரண்டு பெருங்கூட்டங்களாகத் திரண்டன: வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி. உறுப்பினருள் மலாய்க்காரரும் இந்திய முஸ்லிம்களும் இருவழி மரபினரான சாவி பெக்கானும் இருந்தனர். அதே காலத்தில் சீனரிடையே கீ ஹின், தோப்பே கோங் என்னும் இரு மறைச்சங்கங்கள் பகைத்து நின்றன. வெள்ளைக் கொடியார் கீ ஹின்னோடு சேர்ந்தனர். சிவப்புக் கொடியார் தோப்பே கோங்கோடு சேர்ந்தனர். 1867 ஆகஸ்டில் சண்டை மூண்டது. கும்பினிக் காலம் முடிந்து, நீரிணைக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் முடியின் நேரடி ஆட்சிக்கு வந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. படைவீரருட் பெரும்பாலோர் நிக்கோபார்த் தீவுகளுக்குச் சென்றிருந்தனர். ஏறத்தாழப் பத்து நாள் நகரம் கலவரக்காரர் கையில் இருந்தது. வீடுகள் எரிந்தன, தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன, பீரங்கியும் வெடித்தது. பள்ளிவாசல் சாலையின் தென்கோடியை அடுத்துள்ள தெரு பீரங்கித் தெரு என்று பெயர் பெற்றது அதனாலேயே.

இக்கலகத்தை ஆராய்பவர் ஒன்றைக் காணத் தவறார். சண்டை இனத்திற்கும் இனத்திற்கும் நடக்கவில்லை. இரு பக்கத்திலும் சீனர் இருந்தனர். இரு பக்கத்திலும் முஸ்லிம்கள் இருந்தனர். இன எல்லையைக் கடந்து, சமய எல்லையைக் கடந்து அயலார் கைகோத்த பெரிய கூட்டணி இந்நகரில் முதன்முதல் அமைந்தது அடித்துக்கொள்வதற்காகவே! மக்களைக் கூட்டுவது தன்னளவில் நன்மையாகிவிடாது. எதற்காகக் கூட்டுகிறோம், கூடியவர் யாருக்குப் பொறுப்பாவர் என்பன அதனினும் முதன்மையான கேள்விகள். மறைச்சங்கத்திலும் வரி இருந்தது, முறை இருந்தது, இறந்தவனுக்கு ஈமச் செலவும் இருந்தது. வெளியாருக்குத் திறந்த கதவு மட்டும் இல்லை.

கலகம் அடங்கியபின் துணை ஆளுநர் ஆன்சன் நான்கு சங்கங்களுக்கும் தலா 5,000 வெள்ளி தண்டம் விதித்தார். அப்பணத்திலே காவல் நிலையங்கள் கட்டப்பட்டன. 1869இல் சங்கங்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. 1890இல் மறைச்சங்கங்கள் முற்றாகத் தடை செய்யப்பட்டன. ஆயினும் பழக்கம் சட்டத்தால் அழிவதன்று, வடிவம் மாறும். தோப்பே கோங் சங்கம் கூடிய ஆர்மீனியன் தெருக் கட்டடம் கோயிலாக நிலைத்தது. இன்று நான்கு சங்கங்கள் அதனைப் பங்கிட்டு வாழ்கின்றன. முகரம் குழுக்களின் பாட்டும் வேடமும் ‘போரியா’ என்னும் மலாய்க் கலையாக வளர்ந்தன. வாளேந்திய கம்பத்துக் குழுக்கள் நகைச்சுவை நாடகத்திலும் பாட்டிலும் போட்டியிடத் தொடங்கின. பகையைப் பாட்டுப் போட்டியாக மாற்றியது பினாங்கு மக்களின் பெருமைக்குரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டில் அரசே அண்டை வீட்டாரைக் கூட்ட முன்வந்தது. 1969 மே மாதத்துக் கலவரத்தின் நினைவு மாறுமுன், பாதுகாப்பு அச்சமும் நிலவிய சூழலில், 1975 ஆகஸ்டு 29ஆம் நாள் அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் ‘ருக்குன் தெத்தாங்கா’ என்னும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கோலாலம்பூரில் அது தொடங்கிய இடத்தின் பெயர் காசிப்பிள்ளை கம்பம் என்பது தமிழர் நினைவிற்கொள்ளத் தக்கது. ‘தெத்தாங்கா’ என்றால் அயலார். ‘ருக்குன்’ என்னும் அரபுச் சொல்லுக்குத் தூண் என்பது பொருள். மலாயில் அது நெறியையும் இணக்கத்தையும் குறிக்கும். குடியிருப்பின் ஆடவர் முறைவைத்து இரவுக் காவல் சுற்ற வேண்டும் என்பதே முதலில் அதன் உயிர். கோயிலும் பள்ளிவாசலும் செய்யாத ஒன்றை அது செய்தது. கையில் விளக்கும் தடியுமாக நள்ளிரவில் ஒரு சீனரும் ஒரு மலாய்க்காரரும் ஒரு தமிழரும் ஒன்றாக நடந்தனர். வேறு பேச்சின்றிப் போனாலும், எந்த வீட்டில் கைக்குழந்தை அழுகிறது, எந்த வீட்டில் முதியவர் இருமுகிறார் என்பது மூவருக்கும் தெரிந்துவிடும். 1980களில் கட்டாயக் காவல் தளர்ந்தது. விளையாட்டு, கூட்டுத் துப்புரவு, விருந்து, வகுப்பு ஆகியவை முன்னே வந்தன. 2012ஆம் ஆண்டில் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. இன்று நாடெங்கும் இக்குழுக்கள் உள. ஆயினும் விருந்துக்குக் கூடுவதும் காவலுக்குக் கூடுவதும் ஒன்றல்ல. விருந்தில் ஒருவர் வராவிடினும் குறையில்லை; காவலில் ஒருவர் வராவிடின் மற்றவர் தூக்கம் கெடும். பிணைப்பு அந்தக் குறையிலேதான் பிறக்கிறது.

இவ்வளவு சங்கங்களையும் தாங்கிய தெரு இன்று எதிர்கொள்ளும் இடர் கலகமன்று, வெறுமை. இதன் காரணம் வாடகை. மலேசியாவில் 1948 சனவரி 31க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. பினாங்கில் அவ்வாறு காக்கப்பட்ட கட்டடங்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை. பெரும்பாலானவை ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள். கீழே கடை, மேலே குடும்பம். மிகக் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தனர். சொல்லப்போனால், அக்குறைந்த வாடகையே தெருச் சங்கங்களின் கண்ணுக்குத் தெரியாத புரவலன். 2000 சனவரி முதல் நாள் அக்கட்டுப்பாடு நீங்கியது. வாடகை பன்மடங்காயிற்று. தையற்காரரும் பூக்கட்டுவோரும் முதியோரும் புறநகருக்குப் பெயர்ந்தனர். வீட்டுக்காரரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கூரை ஒழுகும் வீட்டைப் பழுதுபார்க்கக்கூட அப்பழைய வாடகை போதாது. ஆனால் மாற்றத்திற்குப் போதிய ஏற்பாடின்றிச் சட்டம் நீங்கியமையால் இழப்பு முழுவதும் குடியிருந்தவர் தலையில் விழுந்தது. துறைமுகத் தொழிலாளர் கூட்டங்கள் இதற்கு முன்பே கரைந்துவிட்டன. 1969இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுக உரிமை நீங்கியது. சரக்குக் கப்பல்களும் எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்குச் சென்றன.

2008 சூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. பல சமயத்தாரின் வாழும் மரபும் அச்சிறப்புக்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. சுவர்கள் காக்கப்பட்டன; வண்ணம் பெற்றன. ஆனால் மரபு எல்லைக்குள் 2009இல் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த மக்கள்தொகை 2013இல் ஒன்பதாயிரத்து நானூறு அளவுக்கு இறங்கிவிட்டது. குடும்பங்கள் வாழ்ந்த மாடிகள் பயணியர் விடுதிகளாயின. விடுதியில் ஓரிரவு தங்குபவரிடம் யார் சந்தா கேட்பது? தண்ணீர்ப் பந்தலுக்கு அரிசி கழுவ அவரையா அழைப்பது?

ஆண்டுதோறும் சூலையில் நடைபெறும் மரபு விழாவின்போது குலமனைகளும் சங்கங்களும் தம் கதவுகளைப் பிற இனத்தாருக்குத் திறந்து, சமையலையும் விளையாட்டையும் கைத்தொழிலையும் காட்டுகின்றன. பக்கத்தில் வாழ்ந்தும் ஒருவர் வாயிலை மற்றவர் மிதியாதிருந்த குறை இதனால் ஓரளவு நீங்குகிறது. அதனினும் பயனுடையது நிலவுடைமை. பழங்காலத்தில் பள்ளிவாசலுக்கும் கோயில்களுக்கும் குலமனைகளுக்கும் அறக்கொடையாக வந்த கடைவீடுகள் இந்நகரில் இன்னும் பல உள. 1905ஆம் ஆண்டின் சட்டப்படி முஸ்லிம், இந்து அறநிலையங்களைக் காக்க வாரியம் அமைந்தபொழுது, பள்ளிவாசலைச் சுற்றி நெருங்கியிருந்த குடியிருப்புகளை அகற்றித் திறந்தவெளியும் தெருவும் அமைத்தனர். அன்று அறநிலையத்தின் பெயரால் குடிகள் வெளியேறினர். இன்று அதே அறநிலையங்கள் நினைத்தால் குடிகளை உள்ளே வைத்திருக்க இயலும். தெருவை அடுத்த வீடுகள் சிலவற்றைக் குறைந்த வாடகைக்குக் குடும்பங்களுக்கே விடுவதென்று கோயிலும் பள்ளிவாசலும் குலமனையும் சேர்ந்து முடிவுசெய்வதற்கு எந்தப் புதுச்சட்டமும் தேவையில்லை. வருவாயில் ஒரு பகுதியை இழக்க மனம் வேண்டும். கணக்கைக் காட்ட மூவரும் ஒரே மேசையில் அமர வேண்டும்.

இதற்கிடையே, வெளியே குடிபெயர்ந்தவர்கள் விழா நாள்களில் திரும்பி வருகின்றனர். ஏழாம் மாதத்தில் தெருக்கூத்து மேடை எழுகிறது. விசயதசமியன்று தேர் வருகிறது. ரமலான் பிற்பகலில் பள்ளிவாசல் முற்றத்தில் அண்டா ஏறுகிறது. கையில் தூக்குச் சட்டியோடு வரிசையும் நீள்கிறது.